ஒரு கலெக்ஷனிலிருந்து இன்னொன்றுக்கு: ஜாவாவில் தரவைச் சேதமின்றி நகலெடுப்பது எப்படி?

ஒரு லிஸ்ட்டில் (வரிசையான பட்டியல்) இருக்கும் தரவைச் செட்டுக்கு (எந்த மதிப்பும் இருமுறை இடம்பெறாத தொகுப்பு) மாற்றுவதும், செட்டில் இருப்பதை அரேவாக (நீளம் மாறாத அடுக்கு) எடுப்பதும், ஆப்ஜெக்ட்டுகளின் பட்டியலை மேப்பாக (கீயும் அதற்குரிய மதிப்புமாக) அடுக்குவதும் ஜாவாவில் பெரும்பாலும் ஒற்றை வரி வேலைதான். எழுதுவதற்கு அவ்வளவு எளிதாக இருப்பதாலேயே அந்த வரியைப் பற்றி யாரும் நின்று யோசிப்பதில்லை. ஆனால் தரவு காணாமல் போவது, வரிசை குலைவது, ஓரிடத்தில் செய்த மாற்றம் தொடர்பே இல்லாத வேறோர் இடத்தில் தலைகாட்டுவது ஆகிய தொல்லைகளில் கணிசமானவை அந்த வரியில்தான் பிறக்கின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படிப்பை முடித்துவிட்டுப் பெங்களூருக்கு வந்து வைட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலைக்குச் சேரும் இளைஞர்கள் எழுதும் கோடை, அதாவது நிரலை, ரிவ்யூ செய்யும்போது நான் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான் என்பதால், சொல்ல வேண்டியவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அடிப்படையாக மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுதான். நகலின் தன்மையைத் தீர்மானிப்பது தரவு புறப்படும் கலெக்ஷன் அன்று, அது போய்ச் சேரும் கலெக்ஷன். வரிசையைக் காப்பதா வேண்டாமா, எந்த இரண்டு மதிப்புகளை ஒன்றாகக் கருதுவது, எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’ (null) மதிப்பை ஏற்பதா மறுப்பதா என்பவற்றை எல்லாம் சேருமிடத்தின் கிளாஸே முடிவு செய்கிறது; அதன் விதிக்குப் பொருந்தாத தரவு சில நேரம் எக்ஸப்ஷனாக (ஓடும் நிரலை இடைமறிக்கும் பிழையாக) வெடிக்கும், பல நேரம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். ஆகவே நகலெடுக்கும் வரியை எழுதும் முன், ‘இந்தப் புதிய இடம் எதைக் கைவிடும்?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கன்ஸ்ட்ரக்டரே முதல் வழி

ஜாவாவின் கலெக்ஷன் கட்டமைப்பு 1998-இல் ஜேடிகே (ஜாவா நிரலாக்கக் கருவித்தொகுப்பு) 1.2 பதிப்போடு வந்தது. அதை வடிவமைத்தவர் ஜோஷுவா பிளாக். பொதுப் பயன்பாட்டுக்கான ஒவ்வொரு கலெக்ஷன் கிளாஸும் இரண்டு கன்ஸ்ட்ரக்டர்களை (புதிய ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் பகுதிகளை) கொண்டிருக்க வேண்டும் என்பது அந்தக் கட்டமைப்பின் மரபு. ஒன்று காலியாகத் தொடங்கும். மற்றொன்று வேறு எந்தக் கலெக்ஷனைக் கொடுத்தாலும் அதன் உறுப்புகளோடு தொடங்கும். இன்டர்ஃபேஸுக்குள் கன்ஸ்ட்ரக்டரை எழுத முடியாது என்பதால் கம்பைலர் இந்த மரபை வலியுறுத்துவதில்லை என்றாலும், ஜாவாவின் சொந்தக் கலெக்ஷன்கள் இதைப் பின்பற்றுகின்றன. எனவே கையில் எந்த வகைக் கலெக்ஷன் இருந்தாலும், வேண்டிய வகையின் கன்ஸ்ட்ரக்டருக்குள் அதை அப்படியே கொடுத்துவிட்டால் நகல் தயாராகிவிடும். அரேலிஸ்ட்டுக்குள் ஹேஷ்செட்டைக் கொடுக்கலாம். ட்ரீசெட்டுக்குள் அரேலிஸ்ட்டைக் கொடுக்கலாம். அரேடெக்குக்குள் மேப்பின் மதிப்புகளைக் கொடுக்கலாம்.

ஃபார் லூப் போட்டு ஒவ்வோர் உறுப்பாகச் சேர்ப்பதைவிட இது எனக்கு உவப்பானது. வரிகள் குறைகின்றன என்பது சிறிய காரணம். எவ்வளவு இடம் தேவை என்பதைக் கிளாஸே முன்கூட்டிக் கணக்கிட்டுக்கொள்கிறது என்பது பெரிய காரணம். லூப்பில் சேர்த்தால் அரேலிஸ்ட் தன் உள் அரே நிரம்பும்போதெல்லாம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதான புதிய அரேவை உருவாக்கி, பழையதை அதற்குள் நகலெடுத்துக்கொண்டே போகும். கன்ஸ்ட்ரக்டரில் கொடுக்கும்போது இந்த வேலை ஒரே முறையில் முடிகிறது. ஏற்கெனவே உறுப்புகள் உள்ள லிஸ்ட்டோடு மேலும் சிலவற்றைச் சேர்க்க வேண்டுமானால் ஆட்ஆல் மெத்தட் இருக்கிறது. அரேலிஸ்ட்டில் அதுவும் தேவையான இடத்தை ஒரே முறையில் விரித்துக்கொள்கிறது.

இதே வேலைக்கு கலெக்ஷன்ஸ் என்ற துணைக் கிளாஸில் காப்பி என்றொரு மெத்தட் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் அதைக் கையில் எடுக்கிறார்கள். மாரத்தஹள்ளியில் என் பக்கத்து இருக்கையில் புதிதாகச் சேர்ந்திருந்த திருநெல்வேலிப் பையன், 100 என்ற எண்ணைக் கொடுத்து ஓர் அரேலிஸ்ட்டை உருவாக்கி, 100 உறுப்புகள் கொண்ட இன்னொரு லிஸ்ட்டை அதற்குள் காப்பி மெத்தட் மூலம் ஊற்ற முயன்றார். இண்டெக்ஸ்அவுட்ஆஃப்பவுண்ட்ஸ் எக்ஸப்ஷன் வந்து நின்றது. “நான்தான் 100 என்று கொடுத்திருக்கிறேனே அண்ணா, பிறகு ஏன் இடமில்லை என்கிறது?” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அரேலிஸ்ட்டுக்குக் கொடுக்கும் எண் அதன் கொள்ளளவு மட்டுமே. உள்ளே இருக்கும் உறுப்புகளின் எண்ணிக்கை அப்போதும் 0 தான். காப்பி மெத்தட் புதிய உறுப்புகளைச் சேர்ப்பதில்லை, ஏற்கெனவே இருக்கும் உறுப்புகளின் மேல் எழுதுகிறது. சேருமிடத்தில் குறைந்தது அத்தனை உறுப்புகளாவது இருந்தால்தான் அது வேலை செய்யும். கூடுதலாக இருப்பவற்றை அப்படியே விட்டுவிடும். ஒரே அளவுள்ள லிஸ்ட்டை மீண்டும் மீண்டும் நிரப்பும் அரிதான தேவை தவிர வேறெதற்கும் அந்த மெத்தட்டை நான் பரிந்துரைப்பதில்லை.

ஹேஷ்செட்டில் இதே கொள்ளளவுக் குழப்பம் இன்னொரு வடிவில் இருக்கிறது. எவ்வளவு நிரம்பியதும் விரிய வேண்டும் என்று சொல்லும் அதன் நிரம்பல் விகிதம் வழக்கமாக 0.75 என்பதால், 1000 உறுப்புகளுக்கு 1000 என்று கொள்ளளவைக் கொடுத்தால் பாதி வழியில் அது தன்னை விரித்துக்கொள்ள நேரலாம். கலெக்ஷனை நேரடியாகக் கன்ஸ்ட்ரக்டரில் கொடுத்தால் இந்தக் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். ஜாவா 19 முதல், கொள்ளளவுக்குப் பதிலாக உறுப்புகளின் எண்ணிக்கையையே பெற்றுக்கொள்ளும் நியூஹேஷ்செட் என்ற மெத்தட்டும் உண்டு.

சேருமிடம் கைவிடுபவை

பெங்களூர் மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் 2011 அக்டோபர் 20 அன்று முதலில் திறக்கப்பட்ட பகுதியை எடுத்துக்கொள்வோம். பையப்பனஹள்ளி, சுவாமி விவேகானந்தா சாலை, இந்திராநகர், அல்சூர், டிரினிட்டி, மகாத்மா காந்தி சாலை என்று ஆறு நிலையங்கள். இவற்றை இதே வரிசையில் ஓர் அரேலிஸ்ட்டில் வைத்திருக்கிறோம். இதை ஹேஷ்செட்டுக்கு நகலெடுத்து அச்சிட்டால், ரயில் எந்தத் திசையிலும் போகாத ஒரு வரிசை வரும். ஒவ்வொரு பெயரிலிருந்தும் கணக்கிடப்படும் ஹேஷ்கோட் என்ற எண் அதை எந்தப் பெட்டியில் கொண்டுபோய் வைத்ததோ அந்த வரிசை அது. லிங்க்டுஹேஷ்செட்டுக்கு நகலெடுத்தால் சேர்த்த வரிசை அப்படியே நிற்கும். ட்ரீசெட்டுக்கு நகலெடுத்தால் அல்சூர் முதலிலும் மகாத்மா காந்தி சாலை கடைசியிலுமாக எழுத்து வரிசையில் வந்து அமரும். ஆறு பெயர்களும் மூன்றிலும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அல்சூருக்கு அடுத்த நிலையம் எது என்ற கேள்விக்கு லிங்க்டுஹேஷ்செட் மட்டுமே விடை சொல்லும். மனிதர் கண்ணில் படப்போகும் எந்தத் தரவுக்கும், வேறு காரணம் இல்லாதவரை, ஹேஷ்செட்டுக்குப் பதில் லிங்க்டுஹேஷ்செட்டையே பயன்படுத்துங்கள் என்பது என் பரிந்துரை. அது கூடுதலாக எடுக்கும் நினைவகம் பெரும்பாலான பயன்பாடுகளில் ஒரு பொருட்டே அன்று.

அடுத்தது இரட்டிப்பு. ஒரு பயணி காலையில் இந்திராநகரில் நுழைந்து டிரினிட்டியில் வெளியேறி, மாலையில் டிரினிட்டியில் நுழைந்து இந்திராநகரில் வெளியேறினால், அவருடைய அன்றைய பதிவு நான்கு உறுப்புகள் கொண்ட லிஸ்ட். அதைச் செட்டாக்கினால் இரண்டுதான் மிஞ்சும். ‘எந்தெந்த நிலையங்களைப் பயன்படுத்தினார்’ என்று கேட்டால் இரண்டு என்பது சரியான விடை. ‘எத்தனை முறை கதவைக் கடந்தார்’ என்று கேட்டால் அது தவறு. இரட்டிப்பை நீக்குவதற்காகவே செட்டுக்கு மாற்றுகிறோம் என்றால் நல்லது. தேடல் வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காக மாற்றுகிறோம் என்றால், மூல லிஸ்ட்டைத் தூக்கி எறியாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, செட்டைத் தேடலுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். பத்தாயிரம் உறுப்புகள் உள்ள ஒரு லிஸ்ட்டின் ஒவ்வோர் உறுப்பும் அதே அளவுள்ள இன்னொரு லிஸ்ட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது மோசமான நிலையில் பத்துக் கோடி ஒப்பீடுகள் வரை போகும் என்பதால், இரண்டாவதை ஹேஷ்செட்டாக்கிக்கொண்டு தேடுவது முற்றிலும் நியாயமான நகல்தான்.

‘ஒன்றே’ என்பதற்கான வரையறை கிளாஸுக்குக் கிளாஸ் மாறுகிறது என்பதுதான் இவற்றுள் ஆபத்தானது. ஹேஷ்செட் ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் என்ற இரு மெத்தட்டுகளைக் கேட்டு முடிவு செய்கிறது. ட்ரீசெட் அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை, கம்பேர்டூ மெத்தட்டையோ நாம் கொடுத்த கம்பேரட்டரையோ (ஒப்பிடும் விதியையோ) மட்டும் கேட்கிறது. பணத் தொகைகளுக்குப் பிக்டெசிமல் கிளாஸைப் பயன்படுத்தும் எவரும் இதைத் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும். 28.5, 28.50 என்ற இரு பிக்டெசிமல் மதிப்புகளை ஈக்வல்ஸ் வேறு வேறு என்று சொல்லும், ஏனெனில் தசமப் புள்ளிக்குப் பின் உள்ள இலக்கங்களின் எண்ணிக்கையையும் அது கணக்கில் எடுக்கிறது. கம்பேர்டூ இரண்டும் சமம் என்று சொல்லும். ஆகவே இவை இரண்டும் உள்ள லிஸ்ட்டை ஹேஷ்செட்டாக்கினால் இரண்டு உறுப்புகள், ட்ரீசெட்டாக்கினால் ஒன்று. அதே போல, பெயரின் நீளத்தை மட்டும் ஒப்பிடும் கம்பேரட்டரைக் கொடுத்து ட்ரீசெட் உருவாக்கினால், ஒரே நீளமுள்ள பெயர்களில் முதலில் வந்தது மட்டுமே தங்கும், மற்றவை எந்த எச்சரிக்கையும் இன்றி விடுபட்டுப் போகும். நீளத்தை ஒப்பிட்ட பின் பெயரையும் ஒப்பிடுமாறு கம்பேரட்டரைத் தொடர்வது இதற்குரிய மருந்து. வரிசைப்படுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் லிஸ்ட்டாகவே வைத்துக்கொண்டு ஸார்ட் செய்வது இன்னும் நல்லது.

கம்பேரட்டரோடு இருக்கும் ட்ரீசெட்டை இன்னொரு ட்ரீசெட்டுக்கு நகலெடுக்கும்போதும் ஒரு நுட்பம் உண்டு. மூல வேரியபிள் சார்ட்டட்செட் வகையாகவோ ட்ரீசெட் வகையாகவோ அறிவிக்கப்பட்டிருந்தால் கம்பேரட்டரும் சேர்ந்து வரும். அதே ஆப்ஜெக்ட்டைப் பிடித்திருக்கும் வேரியபிள் வெறும் கலெக்ஷன் அல்லது செட் என்று அறிவிக்கப்பட்டிருந்தால், கம்பைலர் வேறு கன்ஸ்ட்ரக்டரைத் தேர்ந்தெடுத்துவிடும். கம்பேரட்டர் வராது, இயல்பான வரிசையே வரும்.

உறுப்புகளை முன்னுரிமைப்படி ஒவ்வொன்றாக வெளியே தரும் பிரையாரிட்டிக்யூவை லிஸ்ட்டாக நகலெடுத்தால் முன்னுரிமை வரிசையில் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கிடைக்காது. முதல் உறுப்பு மட்டும் சரியாக இருக்கும். மற்றவை ஹீப் அமைப்பில் எப்படி அடுக்கப்பட்டிருந்தனவோ அப்படியே வரும். நகலெடுத்த பின் லிஸ்ட்டை ஸார்ட் செய்ய வேண்டும்.

கடைசியாக இட்டதை முதலில் தரும் பழைய ஸ்டாக் கிளாஸிலிருந்து, இரு முனைகளிலும் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற அரேடெக்குக்கு மாறும்போது தரவு தலைகீழாகிவிடுகிறது. ஸ்டாக்கை வலம் வந்தால் அடியில் உள்ளதிலிருந்து தொடங்கும். அரேடெக் முதலில் வந்ததைத் தலைப்பக்கம் வைத்துக்கொள்ளும். அதன் பாப் மெத்தட் தலைப்பக்கத்திலிருந்துதான் எடுக்கும். ஆகவே கன்ஸ்ட்ரக்டர் வழியாக நகலெடுத்த அரேடெக், ஸ்டாக்கில் கடைசியாக வர வேண்டியதை முதலில் கொடுக்கும். ஸ்டாக்கை வலம் வந்து ஒவ்வொன்றையும் புஷ் மெத்தட்டால் தள்ளினால் வரிசை சரியாகிவிடும்.

‘நல்’ மதிப்பைப் பொறுத்தவரை, அரேலிஸ்ட் எத்தனை வேண்டுமானாலும் ஏற்கும், ஹேஷ்செட் ஒன்றை ஏற்கும், இயல்பான வரிசையில் இயங்கும் ட்ரீசெட்டும் அரேடெக்கும் கன்கரன்ட்ஹேஷ்மேப்பும் ஏற்காமல் எக்ஸப்ஷன் எறியும். ஜாவா 10-இல் வந்த காப்பிஆஃப் மெத்தட்டுகளும் ஏற்காது. ஆனால் ஜாவா 16-இல் ஸ்ட்ரீமுக்கு (உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிச் செயலாக்கும் வசதிக்கு) சேர்க்கப்பட்ட டூலிஸ்ட் மெத்தட் ஏற்கும்.

தமிழ்ப் பெயர்களைச் செட்டில் இடும்போது

ஆங்கிலத் தரவை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு இந்த இடத்தைக் கடந்துவிடுவது வழக்கமாக இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். அல்சூரில் ஒரு தமிழ் வாசகர் குழுவின் உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பட்டியலின் ஒரு பகுதியை ஒருவர் கைபேசியிலும் மறுபகுதியை இன்னொருவர் கணினியில் வேறொரு மென்பொருளிலும் உள்ளிட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஹேஷ்செட்டுக்கு நகலெடுத்தால் ‘கோமதி’ என்ற ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடும். ஓகாரத்தின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் துணைக்காலும் ஆகிய இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், ஜாவாவின் ஸ்ட்ரிங் ஒப்பீட்டுக்கோ இரண்டும் வேறு. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். நகலெடுக்கும் முன் ஒவ்வொரு பெயரையும் நார்மலைஸர் கிளாஸின் வழியே என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கிய யூனிகோடு வடிவத்துக்கு, கொண்டுவந்துவிட்டால் இந்த இரட்டிப்பு மறையும். ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதில் ‘ள’ எழுத்தையே தட்டியிருப்பவர்களின் உள்ளீட்டை அது சரிசெய்யாது. அதற்கு நாமே ஒரு விதி எழுதத்தான் வேண்டும்.

வரிசையிலும் இடர் இருக்கிறது. கப்பன் பூங்கா, கன்னிங்ஹாம் சாலை என்ற இரண்டையும் ட்ரீசெட்டில் இட்டால் கன்னிங்ஹாம் சாலை முன்னே வரும். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய் என்பதால் அகராதி வரிசையில் கப்பன்தான் முந்த வேண்டும். யூனிகோடு அட்டவணையிலோ னகரம் நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன்னே இருக்கிறது. றகரமும் ளகரமும் இவ்வாறே இடம் மாறி நிற்கின்றன. அகராதி வரிசை வேண்டுமென்றால் யூனிகோடு வேலைகளுக்கான ஐசியு (ICU) நிரல் நூலகத்தின் தமிழுக்கான கொலேட்டரை (மொழியின் அகராதி வரிசைப்படி ஒப்பிடும் கருவியை) ட்ரீசெட்டுக்குக் கம்பேரட்டராகக் கொடுக்கலாம். ஆனால் முன்பு சொன்ன எச்சரிக்கை இங்கும் செல்லும். கொலேட்டர் சமம் என்று கருதும் இரு பெயர்களில் ஒன்று செட்டிலிருந்து விடுபடும் என்பதால், பெயர்களைச் செட்டில் இடாமல் லிஸ்ட்டாக வைத்துக் கொலேட்டரால் ஸார்ட் செய்வதையே நான் விரும்புவேன்.

அரேவும் லிஸ்ட்டும்

அரேயை லிஸ்ட்டாக்க எல்லோரும் நாடுவது அரேஸ் கிளாஸின் ஏஸ்லிஸ்ட் மெத்தட். அது தருவது நகல் அன்று. அதே அரேயின் மேல் லிஸ்ட் வேடத்தில் நிற்கும் ஓர் உறை. லிஸ்ட்டில் ஓர் உறுப்பை மாற்றினால் அரேயிலும் மாறும். அரேயில் மாற்றினால் லிஸ்ட்டிலும் தெரியும். அரேயின் நீளம் மாறாது என்பதால் புதிய உறுப்பைச் சேர்க்கவோ நீக்கவோ முயன்றால் அன்சப்போர்ட்டட்ஆப்பரேஷன் எக்ஸப்ஷன் வரும். உண்மையான நகல் வேண்டுமென்றால் அந்த உறையை அப்படியே அரேலிஸ்ட்டின் கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுக்க வேண்டும். இன்ட் போன்ற அடிப்படை வகைகளின் அரேயைக் கொடுத்தால் இன்னும் விசித்திரம்: எண்களின் லிஸ்ட் கிடைக்காமல், அந்த முழு அரேயையும் ஒற்றை உறுப்பாகக் கொண்ட லிஸ்ட் கிடைக்கும். அங்கே அரேயை ஸ்ட்ரீமாக்கி, பாக்ஸ்டு மெத்தட்டால் இன்டிஜர் ஆப்ஜெக்ட்டுகளாக்கி, பிறகு லிஸ்ட்டாகச் சேகரிக்க வேண்டும்.

எதிர்த்திசையில், எந்தக் கலெக்ஷனுக்கும் டூஅரே மெத்தட் உண்டு. எதையும் கொடுக்காமல் அழைத்தால் ஆப்ஜெக்ட் வகை அரேதான் திரும்பும். அதை ஸ்ட்ரிங் அரே என்று காஸ்ட் செய்தால் ஓடும் நேரத்தில் விழும். 0 நீளமுள்ள ஸ்ட்ரிங் அரே ஒன்றைக் கொடுத்து அழைப்பதே எளிய, சரியான பழக்கம். சரியான நீளத்தில் அரேயை முன்கூட்டி உருவாக்கிக் கொடுப்பதால் வேகம் கூடும் என்ற பழைய நம்பிக்கைக்கு ஜாவா நிரலை இயக்கும் இன்றைய ஜேவிஎம்மில் ஆதாரம் இல்லை.

லிஸ்ட்டை மேப்பாக்குதல்

ஸ்ட்ரீமின் டூமேப் சேகரிப்பானுக்குக் கீயை எடுக்கும் வழியையும் மதிப்பை எடுக்கும் வழியையும் கொடுத்தால் மேப் கிடைக்கும். ஒரே கீ இரண்டு முறை வந்தால் அது இல்லீகல்ஸ்டேட் எக்ஸப்ஷன் எறிகிறது. இந்த எக்ஸப்ஷனைக் கண்டதும் மூன்றாவது வாதமாக ‘பின்னதை வைத்துக்கொள்’ என்று ஒன்றை எழுதி வாயடைப்பதை ரிவ்யூவில் நான் ஏற்பதில்லை. பயண அட்டை எண்ணைக் கீயாக வைக்கும் பட்டியலில் ஒரே எண் இருமுறை வந்தால், மூலத் தரவில் கோளாறு இருக்கிறது என்று அந்த எக்ஸப்ஷன் சொல்கிறது. அதைக் கேட்டு மூலத்தைத் திருத்துவதே முறை. இரட்டிப்பு இயல்பானதாக இருக்கும் இடங்களில், அதாவது ஒரு நிலையத்துக்குப் பல பதிவுகள் இருக்கும் இடங்களில், டூமேப்பே பொருத்தமற்றது. கீ ஒவ்வொன்றுக்கும் ஒரு லிஸ்ட்டைத் தரும் குரூப்பிங்பை சேகரிப்பான்தான் வேண்டியது. வரிசை முக்கியமென்றால் இரண்டுக்கும் லிங்க்டுஹேஷ்மேப்பை உருவாக்கும் வழியைச் சேர்த்துக் கொடுக்கலாம். டூமேப் ‘நல்’ மதிப்பையும், குரூப்பிங்பை ‘நல்’ கீயையும் ஏற்காது.

பைதானில் இணைகளின் பட்டியலை டிக்ட் ஆக்கினால், இரட்டித்த கீயின் கடைசி மதிப்பு பேசாமல் தங்கிவிடும். சி ஷார்ப்பின் டூடிக்ஷனரி ஜாவாவைப் போலவே எக்ஸப்ஷன் எறியும். மொழி மாறி வேலை செய்பவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும்.

நகலா, வியூவா?

மேப்பின் கீசெட், வேல்யூஸ், என்ட்ரிசெட் ஆகிய மூன்றும், லிஸ்ட்டின் சப்லிஸ்ட்டும், ஜாவா 21-இல் வந்த ரிவர்ஸ்டு மெத்தட்டும் தருபவை நகல்கள் அல்ல, மூலத்தின் வியூக்கள், அதாவது மூலத்தையே காட்டும் சாளரங்கள். இரண்டு மேப்புகளுக்குப் பொதுவான கீக்களைக் காண்பதற்காக, முதல் மேப்பின் கீசெட்டை ஒரு வேரியபிளில் எடுத்து, அதன் மேல் ரிட்டெய்ன்ஆல் மெத்தட்டை அழைத்து, இரண்டாவது மேப்பின் கீக்களைக் கொடுப்பது பார்வைக்கு முற்றிலும் சரியான கோடாகத் தெரியும். விடையும் சரியாகவே வரும். ஆனால் அந்த வரி முடிந்தபோது முதல் மேப்பிலிருந்து பொதுவல்லாத பதிவுகள் அனைத்தும் அழிந்திருக்கும். கீசெட்டை முதலில் ஹேஷ்செட்டின் கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுத்து நகலாக்கிக்கொண்டு, அதன் மேல் ரிட்டெய்ன்ஆல் அழைத்திருந்தால் மூலம் தப்பியிருக்கும். சப்லிஸ்ட்டை வைத்திருக்கும்போது மூல லிஸ்ட்டில் உறுப்புகளைச் சேர்த்தாலோ நீக்கினாலோ, அடுத்து சப்லிஸ்ட்டைத் தொடும்போது கன்கரன்ட்மாடிஃபிகேஷன் எக்ஸப்ஷன் வரும்.

ஒரு கிளாஸ் தன் உள் லிஸ்ட்டைக் கெட்டர் மெத்தட்டில் அப்படியே திருப்பிக் கொடுத்தால், அதைப் பெற்றவர் கிளியர் என்று ஒரு வார்த்தையில் அந்த ஆப்ஜெக்ட்டைக் காலி செய்துவிடலாம். கலெக்ஷன்ஸ் கிளாஸின் அன்மாடிஃபையபிள்லிஸ்ட் வெளியாரின் கையைக் கட்டும். ஆனால் அதுவும் வியூதான், உள்ளே நாம் செய்யும் மாற்றம் அவர்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். காப்பிஆஃப் மெத்தட் தருவது மாற்ற முடியாத தனி நகல். கன்ஸ்ட்ரக்டரில் லிஸ்ட்டைப் பெறும்போதே காப்பிஆஃப் செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் அழுத்தமான ஆலோசனை. ஏற்கெனவே மாற்ற முடியாத லிஸ்ட்டைக் கொடுத்தால் அது பெரும்பாலும் புதிய நகலை உருவாக்காமல் அதையே திருப்பித் தருவதால் இதில் செலவும் குறைவு.

உறுப்புகள் நகலாவதில்லை

இதுவரை சொன்ன எல்லா வழிகளும் கலெக்ஷனை மட்டுமே நகலெடுக்கின்றன. உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்டுகள் நகலாவதில்லை. அவற்றைச் சுட்டும் ரெஃபரன்ஸ்கள்தான் புதிய இடத்தில் எழுதப்படுகின்றன. பயண அட்டை ஆப்ஜெக்ட்டுகளின் லிஸ்ட்டை நகலெடுத்து, நகலில் உள்ள முதல் அட்டையின் இருப்பை 200-லிருந்து 150 ஆக்கினால், மூல லிஸ்ட்டின் முதல் அட்டையிலும் 150 தான் இருக்கும், ஏனெனில் இரண்டும் ஒரே அட்டை. நகலில் அந்த அட்டையை நீக்கினாலோ, புதிய அட்டையை அதன் இடத்தில் வைத்தாலோ மூலத்துக்கு எதுவும் ஆகாது. ஸ்ட்ரிங், இன்டிஜர், பிக்டெசிமல் போன்ற மாறாத கிளாஸ்களில் இந்த வேறுபாடு தலைகாட்டாது என்பதால்தான், ஸ்ட்ரிங் லிஸ்ட்டுகளில் பழகியவர்கள் சொந்த கிளாஸ்களுக்கு வந்ததும் திகைக்கிறார்கள்.

உறுப்புகளும் தனியாக வேண்டுமென்றால், அட்டை கிளாஸுக்கு இன்னோர் அட்டையைப் பெற்று அதன் மதிப்புகளை எடுத்துக்கொள்ளும் கன்ஸ்ட்ரக்டரை எழுதி, ஸ்ட்ரீமின் மேப் மெத்தட்டால் ஒவ்வொன்றையும் அதன் வழியே அனுப்பிச் சேகரிக்க வேண்டும். அட்டைக்குள் இன்னொரு லிஸ்ட் இருந்தால் அந்தக் கன்ஸ்ட்ரக்டரே அதையும் நகலெடுக்க வேண்டும். குளோன் மெத்தட்டை நாடாதீர்கள். அரேலிஸ்ட்டின் குளோனும் மேலோட்டமான நகலைத்தான் தருகிறது. முடிந்த இடங்களில் கிளாஸையே மாறாததாக வடிவமைத்துவிட்டால் ஆழமான நகலுக்கான தேவையே எழாது. ஹேஷ்செட்டில் இட்ட பிறகு ஆப்ஜெக்ட்டின் ஹேஷ்கோட் மாறினால், அது செட்டுக்குள் இருந்தும் தேடலுக்கு அகப்படாது என்பதும் அவ்வாறு வடிவமைக்க ஒரு காரணம்.

பல த்ரெட்டுகள் ஒரே லிஸ்ட்டைத் தொடும்போது

ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகளே த்ரெட்டுகள். அவை மோதாமல் காக்கும் சிங்க்ரனைஸ்டுலிஸ்ட்டில் சுற்றப்பட்ட லிஸ்ட்டை அரேலிஸ்ட்டின் கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுத்தால், அது உள்ளே டூஅரே மெத்தட்டை அழைக்கிறது. அந்த மெத்தட் பூட்டோடு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விட்டு, இயங்குவதால் நகல் ஒரே கணத்தின் நிலையாகக் கிடைக்கும். அதே லிஸ்ட்டை ஹேஷ்செட்டின் கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுத்தால், அது இட்டரேட்டரால் ஒவ்வொன்றாக வலம் வருகிறது. அதற்குப் பூட்டு இல்லை. இடையில் இன்னொரு த்ரெட் ஓர் உறுப்பைச் சேர்த்தால் எக்ஸப்ஷன் எழலாம். எனவே நகலெடுக்கும் வரியைச் சுற்றி அந்த லிஸ்ட்டின் மேலேயே சிங்க்ரனைஸ்டு பிளாக் எழுத வேண்டும், அல்லது முதலில் அரேலிஸ்ட்டாக எடுத்துக்கொண்டு அதிலிருந்து செட்டுக்குப் போக வேண்டும்.

நகலெடுக்கும் கோடுக்கு யூனிட் டெஸ்ட் எழுதும்போது, இரட்டித்த உறுப்பு ஒன்று, ‘நல்’ ஒன்று, அகரவரிசையில் அமையாத வரிசை ஒன்று, நகலெடுத்த பின் மூலத்தை மாற்றிப் பார்க்கும் வரி ஒன்று ஆகியவற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். காலி லிஸ்ட்டையும் மறக்கக் கூடாது. ஈனம் (enum: வாரத்தின் நாட்கள் போல முன்கூட்டியே வரையறுத்த மதிப்புகள் மட்டும் கொண்ட வகை) மதிப்புகளின் லிஸ்ட்டை ஈனம்செட்டின் காப்பிஆஃப் மெத்தட்டுக்குக் கொடுக்கும்போது, உள்ளே ஓர் உறுப்பாவது இருந்தால்தான் எந்த ஈனம் வகை என்று அதற்குத் தெரியும். காலி அரேலிஸ்ட்டைக் கொடுத்தால் இல்லீகல்ஆர்க்யூமென்ட் எக்ஸப்ஷன் எறியும். பயனர் வாரத்தின் எந்த நாளையும் தேர்ந்தெடுக்காமல் பொத்தானை அழுத்தும் நாளில்தான் அது வெளிப்படும் என்பதால், முதலில் நன்ஆஃப் மெத்தட்டால் அந்த ஈனம் வகைக்கான காலி ஈனம்செட்டை உருவாக்கிக்கொண்டு, பிறகு ஆட்ஆல் மெத்தட்டால் லிஸ்ட்டைச் சேர்ப்பதே பாதுகாப்பான எழுத்துமுறை.